சூளையில் வெந்த மண் உருண்டை

என் பசுவின் இடது கண் போனது ஒரு மண் உருண்டையால். அடித்தவன் பக்கத்து வயல்காரன், எனக்கு மச்சான் முறை.

எங்கள் வயல் வட்டையில் கதிர் பால்பிடித்தால் கிளி இறங்கும். விரட்ட எல்லோரிடமும் கவைக்கம்பில் றப்பர் கட்டிய கெட்டபோல் இருக்கும். கல் வைப்பதில்லை, மாடு குறுக்கே வந்தால் ஆபத்து. களிமண்ணை நெல்லிக்காய் அளவு உருட்டி வெயிலில் காயவைப்போம். மாடு கதிரில் வாய் வைத்தாலும் அதுதான். பட்டதும் தூளாகும், மாடு துள்ளி ஓடும், அவ்வளவுதான்.

இந்த முறை மழை விடவில்லை. உருண்டைகள் பையிலேயே கரைந்தன. இவன் பெரிய கெட்டிக்காரனாக அவற்றைச் செங்கல் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்திருக்கிறான்.

கேட்கப் போனேன்.

"மண்ணாலதானே மச்சான் அடிச்சன், கல்லாலயா அடிச்சன்?" என்றான்.

பொய் சொல்லவில்லை. மடையன் அதை நம்பினான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பள்ளிக்கூடத்தில் பாரத்தையும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். படும் இடத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சுட்டதில் பாரம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் காய்ந்த உருண்டை தன்னை உடைத்துக்கொள்வதிலேயே விசையில் ஒரு பங்கைச் செலவழித்துவிடுகிறது. மிச்சம் தூளோடு பரவிப் போகிறது. சுட்டது உடையாது. கொண்டுவந்ததை எல்லாம் நகமளவு இடத்தில் இறக்கிவிட்டுத்தான் கீழே விழும்.

இதைச் சொன்னேன். சிரித்தான். "எனக்கு விஞ்ஞானம் படிப்பிக்கவா வந்தநீ?"

மிஞ்சிய கண்ணோடு அந்தப் பசு தினமும் இவன் வரம்பு வழியாகத்தான் மேயப் போகவேண்டும். வேறு பாதை இல்லை. வீட்டில் நனையாமல் வைத்து எடுத்துப்போன காய்ந்த உருண்டை ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

"என்ட தொடையில அடி."

"விசரா உனக்கு?"

"அடிகா!"

அடித்தான். நெருப்பாக எரிந்தது. மண்தூள் அப்பியது, தோல் சிவந்தது. கிழியவில்லை.

"இப்ப உன்ட பையில கிடக்கிறதை வை. அதே இழுவை, அதே இடம்."

வைத்தான். காதுவரை இழுத்தான். இழுத்தபடியே என் தொடையைப் பார்த்தான். றப்பர் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"ஏன்? மண்தானே?" என்றேன்.

பையை அவிழ்த்து எல்லாவற்றையும் வாய்க்கால் சேற்றில் கொட்டி, குதிக்காலால் மிதித்தான். ஒன்றுகூட உடையவில்லை. முழுசு முழுசாகச் சேற்றுக்குள் இறங்கின.