நூற்று அறுபது பீன்ஸ் விருந்துகள்

எங்கள் கென்டக்கி மலைச் சிற்றூரில் யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால், டாக்டருக்கு அடுத்தபடி ஓர்லீனாவுக்குத்தான் தகவல் போகும். பள்ளிக்கூடச் சமையற்காரி. தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பீன்ஸும் சோள ரொட்டியும் சமைத்துப் போடுவாள். ஊர் தின்றுவிட்டுச் சிகிச்சைச் செலவுக்கு இயன்றதைத் தொப்பியில் போடும். அப்படி அவள் காப்பாற்றியது இரண்டு பித்தப்பை, ஒரு சிறுநீரகம், போதகரின் முழங்கால். முழங்கால் சரியானதும் பிரசங்கம் நீண்டுவிட்டது. அதற்கு அவள் பொறுப்பல்ல.

ஐம்பத்தெட்டு வயதில் அவளுடைய இதய வால்வே பழுதானது. காப்பீடு கிடையாது. மாற்ற ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் டாலர் ஆகும் என்றார்கள். ஒரு விருந்துக்குத் தொள்ளாயிரம் டாலர் தேறும். தோழி டெல்ஃபியா கணக்குப் போட்டாள்: நூற்று அறுபது விருந்து.

“அத்தனை பீன்ஸ் தின்னா ஊரே வெடிச்சிரும்டீ. நூலகத்துல அரசாங்கக் காப்பீட்டுக்குப் பேர் எழுதறாங்க. போய்க் குடு.”

“அரசாங்கத்துக்கிட்டக் கையேந்தவா?”

“இத்தனை வருஷம் தொப்பி ஏந்தினியே, அது என்னவாம்?”

“அது மத்தவங்களுக்கு.”

“அப்ப உனக்கு நாங்க ஏந்தறோம். சனிக்கிழமை. நீ அடுப்புப் பக்கம் தலைகாட்டக் கூடாது.”

காட்டினாள். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டதும் முகம் சிவந்தது.

“எவடீ இதுல சர்க்கரை போட்டது? இது ரொட்டியா, கேக்கா?”

மாவுப் பாத்திரத்தைப் பிடுங்கிப் புதிதாகக் கலக்க ஆரம்பித்தவள், நாலாவது சுற்றில் மூச்சுக் கிடைக்காமல் அப்படியே தரையில் சரிந்தாள். அன்று தொப்பியில் விழுந்ததும் தொள்ளாயிரம்தான்.

அந்தக் காப்பீட்டைக் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்து உள்ளூர்ப் பத்திரிகையில் பதினோரு பத்தி எழுதியவன் நான். திங்கட்கிழமை அவளைக் காரில் ஏற்றியவனும் நானே.

“ஏன்யா, இது நாட்டைக் கெடுக்கும்னு நீதானே எழுதின?”

“ஆமா. பெல்ட்டைப் போடு.”

நூலகக் கணினி மூன்று தரம் உறைந்தது. தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போட்ட ஒரே வயலினை நாலு மத்தியானம் கேட்டோம். கையெழுத்துப் போடும்போது அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

மார்ச்சில் வால்வை மாற்றினார்கள்.

இச்சட்டத்தின் உண்மையான செலவு என்ன என்று வாசகர்கள் கேட்கிறார்கள். தலைநகரில் ஆளுக்கொரு கணக்கு. நான் கண்ணால் பார்த்த செலவு, ஒருத்தியின் வீம்பு. அதுவும் முழுதாகச் செலவாகவில்லை. மே மாதம் என் வீட்டு மேட்டை எங்கும் நிற்காமல் ஏறி வந்து கதவைத் தட்டினாள்.

“காப்பீட்டுக்காரங்க பதினாறு பக்கத்துல ஒரு கடுதாசி அனுப்பியிருக்காங்க. ஒரு எழவும் புரியல. இதைத் திட்டி எழுதுய்யா.”

எழுதுகிறேன். ஆனால் அந்தக் கடுதாசியைச் சாக்கிட்டு, மூச்சிரைக்காமல் அவள் என்னை முழு அரைமணி நேரம் திட்டினாள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.