பேரலின் நீளம்

காலை ஐந்து நாற்பதுக்குப் போன் வந்தது. எண்ணூர் விரைவுச்சாலையில் லாரி மோதி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த புருஷன் இக்னேஷியஸ் அங்கேயே இறந்துவிட்டான் என்று ஜானட்டிடம் சொன்னார்கள். அவள் மனம் முந்தைய நாள் மாலையிலேயே நின்றது.

கிரேன் மெக்கானிக்கான இக்னேஷியஸுக்கு ரைபிள் கிளப்தான் உயிர். பத்து வருடம் கிளப் துப்பாக்கியில் சுட்டவன், லைசென்ஸ் கிடைத்ததும் சொந்தமாக ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்குத் துப்பாக்கிக் கடையில் சொல்லியிருந்தான். பேரல் என்கிற துப்பாக்கிக் குழல் நீளமாக இருந்தால் குறி இன்னும் துல்லியமாகும் என்று இருபத்தாறு அங்குலம் கேட்டிருந்தான். ஆனால் பைக்கிலிருந்து விழுந்து முறிந்த தோள் அந்த நீளத்தின் முன்பாரத்தைத் தாங்கவேண்டும். தாங்காவிட்டால் மாநிலப் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

நேற்று மாலை பேரலுக்குப் பதிலாக இருபத்தாறு, இருபது அங்குலம் என இரண்டு அளவில் இரும்புக் குழாய் அறுத்து ராயபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஏந்தி நின்று பார்த்தான்.

"இன்னாய்யா, காத்தே இல்ல, நீளக் குழாய் இப்டி ஆடுது?" என்று சிரித்தாள் ஜானட்.

"குழாய் ஆடலடி, தோளு ஆடுது."

குட்டைக் குழாயை எடுத்தான். அது அசையவில்லை.

"இருபதே போதும். நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சதும் கடைக்குப் போன் பண்ணி மாத்திட்றேன்" என்றான்.

கடையில் இன்னும் இருபத்தாறு அங்குலம் என்றே எழுதியிருக்கிறது.