நாற்பத்தொரு கையெழுத்து

நகர் நலச்சங்கச் செயலாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. சந்தேகம் மட்டும் முதல் நாளிலிருந்தே தாராளமாகக் கிடைக்கும். எந்த ஊரில், எந்த நகரில் நீங்கள் செயலாளராக மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாலும் சரி, கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள். நம்முடைய கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

என் பெயர் ஜமால். கடப்பாக்கம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு, செய்யூர் போகிற ரோட்டில், பவளக்கரை நகரில். சவுக்குத் தோப்பை அழித்துப் போட்ட மனை, மொத்தம் நாற்பத்தொரு வீடு. 'கடற்கரைக்கு மிக அருகில்' என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். கடல் இருக்கிறது, பஸ் பிடித்துப் போனால்.

நகருக்கு ஓரமாக ஒரு ஓடை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலோர உப்பங்கழிக்குப் போய்ச் சேரும். மனை விற்ற கம்பெனி, ஓடைக்கு அந்தப் பக்கமும் நிலத்தை வாங்கிப்போட்டது. அங்கே போக ரோடு வேண்டுமே! ஓடையிலேயே கிராவலைக் கொட்ட ஆரம்பித்தார்கள். என் வீடு ஓடையை ஒட்டின கடைசி வரிசை. ஓடை திறந்திருந்தபோதே போன மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பிள்ளைகளின் சர்டிபிகேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரி நூர்ஜஹான் கட்டில்மேல் நின்ற கோலம் இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதையும் மூடிவிட்டால் நாங்கள் எங்கே போக? மழைக்கு இரண்டே மாசம் இருந்தது. அதற்காகத்தான் சங்கம் ஆரம்பித்தேன்.

இலவசம்

முதல் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தேன். கடை என்னுடையது, பேப்பர் என்னுடையது. வீட்டுக்கு ஒன்று என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு. நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள்.

எனக்குப் பக்கத்து வீடு வசந்தா டீச்சர். கணக்கு டீச்சர். ஓடை மூடினால் எனக்கு அடுத்து முங்கப்போவது அவர் வீடுதான். ஆகவே அவர் முகம் மலரும் என்று நினைத்துப் போனேன். நோட்டீசை வாங்கினார். முன்பக்கம் படித்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை, அதையும் படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"இதுக்கு எவ்ளோ?" என்றார். "ஒண்ணும் வேணாம் டீச்சர், சும்மாதான்" என்றேன். டீச்சர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, கேட்டைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "சும்மா குடுக்கறீங்கன்னா வேற எதுலயோ புடிக்கப் போறீங்கன்னு அர்த்தம். எதுலன்னு இப்பவே சொல்லிடுங்க பாய்."

குரூப்

வாட்ஸப் குரூப் இல்லாமல் சங்கம் உண்டா? தயாளனை அட்மினாகப் போட்டோம். தயாளன் எங்கள் தெருமுனை வீட்டுக்காரர். சொந்த ஊர் செய்யூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டார் அங்கே நிலத்தில் வேர்க்கடலை போடுகிறார்கள், இவர் இங்கே வேன் ஓட்டுகிறார். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் காரம்.

'நாளை காலை பத்து மணிக்கு ஓடையில் எல்லோரும் கூடுவோம்' என்று குரூப்பில் போட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் கம்பெனியின் சைட் மேனேஜர் குமார் எங்களுக்கு முன்னாடியே வந்து, குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான். "வாங்க வாங்க, பத்து மணின்னீங்களே, லேட்டு" என்கிறான். அடப்பாவி! எங்கள் நாற்பத்தொரு பேரில் யாரோ அவனுக்கு ஆள்.

தயாளன் களை எடுக்கக் கிளம்பினார். குமார் கல்யாணத்துக்குப் போனவர், குமாரிடம் வண்டி கடன் வாங்கினவர், குமாரைப் பார்த்துச் சிரித்தவர் என்று ஒவ்வொருவராகக் குரூப்பிலிருந்து தூக்கினார். வசந்தா டீச்சர் எந்தச் செய்திக்கும் பதிலே போடுவதில்லை, அதனால் அவரையும் தூக்கினார். வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து போனைப் பார்க்கிறேன், குரூப்பில் ஈ காக்காய் இல்லை. என்ன தயாளன் இது என்று கேட்டதற்கு வேனைத் துடைத்தபடியே நிதானமாகச் சொன்னார்: "இப்ப குரூப்புல நீயும் நானும் ரெண்டே பேருதான் பாய் கீறோம். இனிமே நியூஸ் வெளிய போச்சுன்னா அது நீதான்."

தோளில் ஒரு கை

எல்லோரையும் கையைக் காலைப் பிடித்து மறுபடி குரூப்பில் சேர்த்தேன். அதற்குள் குமார் வேறு வேலை பார்த்துவிட்டான்.

காலையில் டீக்கடையில் நின்றுகொண்டிருக்கிறேன். எதிரே ரோட்டில் நம் நகர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். குமார் பைக்கை நிறுத்தினான். நேராக வந்தான். என் தோளில் கையைப் போட்டான். காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, "பாய், இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?" என்றான். பிறகு எதற்கென்றே தெரியாமல் கடகடவென்று சிரித்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். காதில் சொன்னது வெயில் சமாச்சாரம் என்று சத்தியம் பண்ணினால் யார் நம்புவார்கள்?

சாயந்திரத்துக்குள் எனக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் கார்னர் மனை பேசி முடிந்துவிட்டதாக நகர் பூராவும் பேச்சு. வீட்டுக்குப் போனால் நூர்ஜஹான் சாதத்தைப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, வாங்கறதுதான் வாங்கறீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

பேனா

சரி, பேச்சு போதும், மனு கொடுப்போம் என்று முடிவானது. ஓடையை மூடக்கூடாது என்று தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு; கீழே நாற்பத்தொரு வீட்டுக் கையெழுத்து. முதல் ஆளாக நான் போட்டேன். அதற்கப்புறம் பேப்பரைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். ஒருத்தரும் பேனாவைத் தொடவில்லை. ஒருவர், காலி இடத்தில் நான் அப்புறம் ஏதாவது எழுதிக்கொள்வேன் என்று வரிக்கு வரி கோடு போடச் சொன்னார். போட்டேன். ஒருவர், தான் படிப்பதை வீடியோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். முழுசும் படித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள் என்ன நடந்ததோ, வசந்தா டீச்சர் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதைப் பார்த்து எதிர் வீடு போட்டது. அடுத்த தெரு போட்டது. இருட்டுவதற்குள் நாற்பத்தொன்றும் முடிந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன். தயாளன் மட்டும் போட்டு முடித்த பேப்பரைத் தூரத்தில் வைத்து ரசித்தபடி சொன்னார்: "கையெழுத்துத்தானே பாய், கேட்டா போடப்போறோம். இதுக்கு எதுக்கு இவ்ளோ பேஜாரு?"

டெபுடி தாசில்தார் மேடம்

பத்து நாளில் செய்யூர் தாலுகா ஆபீசிலிருந்து போன். ஓடையைப் பார்க்க வருகிறார்கள் போலிருக்கிறது என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். டெபுடி தாசில்தார் மேடம் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரு கட்டுப் பேப்பரை எடுத்து மேஜைமேல் பரப்பினார். மனை வாங்கும்போது நாங்கள் கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தங்கள். பக்கத்தில் எங்கள் மனு.

"எதிர்த் தரப்பு இதைக் கொண்டாந்து குடுத்திருக்காங்க. பாருங்க" என்றார். பார்த்தேன். ஒப்பந்தத்தில் வசந்தா டீச்சர் இங்கிலீஷில் வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார். மனுவில் தமிழில் 'வசந்தா' என்று கட்டை எழுத்து. தயாளனுடையது ஒப்பந்தத்தில் ரயில் மாதிரி நீளம்; மனுவில் ஒரு சுழி, ஒரு புள்ளி. ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. ஓடைக்கு நியாயம் கேட்கப் போனவன்மேல் போர்ஜரி கேஸ்! மனு தள்ளுபடியாகும், கிராவல் முழுசாக விழும், நான் ஸ்டேஷனில் உட்காருவேன், தண்ணீர் வரும்போது நூர்ஜஹான் தனியாக நிற்பாள். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "நாப்பத்தொண்ணையும் நீங்க ஒருத்தரே உக்காந்து போட்டீங்களா? கை வலிக்கல?"

நான் என்ன லூசா

பஸ்ஸை விட்டு இறங்கினதும் இறங்காததுமாகத் தெருவில் நின்று கத்தினேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தினதில்லை. "எவன் எவன் கள்ளக் கையெழுத்துப் போட்டது? உங்க வூட்டுக்காகத்தானேய்யா அலையறேன்! நம்பிக்கை வேணாமா மனுஷனுக்கு?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனேன்.

ஒருத்தர் முகத்திலும் வெட்கம் இல்லை. வசந்தா டீச்சர்தான் வழி காட்டியிருக்கிறார்: போடுங்கள், ஆனால் பேங்க்கில் போடுகிற கையெழுத்தைப் போடாதீர்கள், நாளைக்கு ஏதாவது என்றால் இது என்னுடையது இல்லை என்று சொல்லிவிடலாம். கணக்கு டீச்சர் இல்லையா, கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார். தயாளன் என்னை அதிசயமாகப் பார்த்தார்: "பின்ன, ஒரிஜினலைப் போட்டு உன் கைல குடுத்துடுவாங்களா? நான் இன்னா லூசா?"

நேரில்

மேடம் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். எல்லோரும் ஆதார் கார்டோடு நேரில் வந்து, அவர் கண்ணெதிரே உண்மையான கையெழுத்தைப் போடவேண்டும். தயாளன் வேனில் இரண்டு நடையாகப் போனோம். வேனில் ஒவ்வொருவரும் அடுத்தவரையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆபீசில் ஒவ்வொருவரும் இடது கையால் அணை கட்டி, பக்கத்திலிருப்பவர் பார்த்துவிடாதபடி மறைத்துக்கொண்டு போட்டார்கள். பரீட்சை ஹால் தோற்றது போங்கள். மேடம் ஒப்பந்தத்தோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். இரண்டு, மூன்று, நாலு என்று நாற்பத்தொன்று வரைக்கும் அச்சாகச் சரியாக இருந்தது.

"ஒண்ணாம் நம்பர் யாரு?" என்றார். ஒன்றாம் நம்பர் நான்தான்; கூட்டிக்கொண்டு வந்த சாக்கில் புதுசாகப் போடாமல் ஒதுங்கி நின்றிருந்தேன். மனுவில் இருந்த என் கையெழுத்தும் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகவில்லை.

என்னத்தைச் சொல்ல! அன்றைக்கு முதல் ஆளாகப் பேனாவை எடுத்தபோது, இதுகள் எல்லாம் கடைசியில் கழன்றுகொண்டு என் ஒரு கையெழுத்து மட்டும் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பேங்க்கில் போடுவதை விட்டுவிட்டு வேறு மாதிரி கிறுக்கிவிட்டேன். அதை மறைக்கத்தான் தெருவில் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். இப்போது நாற்பது பேர் பார்க்க ஒழுங்கான கையெழுத்தைப் போட்டேன். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சங்கத்தை இன்றோடு கலைத்துவிடவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

தயாளன் இடி மாதிரி சிரித்தார். வந்து, எல்லோரும் பார்க்க, என் தோளில் கையைப் போட்டார். "நான்கூட இவன் இன்னாடா இவ்ளோ நல்லவனா கீறானேன்னு பயந்துகினு இருந்தேன். இப்பத்தான்யா நீ நம்ம ஆளு!"

மழை

மேடம் மனுவை ஏற்றுக்கொண்டார். சர்வேயர் வந்தார், அளந்தார், ஓடைப் புறம்போக்கு என்று கல் நட்டார். கம்பெனி கொட்டின கிராவலைக் கம்பெனியே ஜேசிபி வைத்து அள்ளியது. ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் பிடித்தது. விடியற்காலை குடையோடு ஓடைக்கு ஓடினேன். கரை தொட்டுச் செம்மண் தண்ணீர், ஒரு தடங்கலும் இல்லாமல் கழியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

வசந்தா டீச்சர் எனக்கு முன்னாடியே வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் வீடு தப்பியது. தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கரையைப் பார்த்தார். கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "தண்ணி நல்லாத்தான் போவுது பாய். ஆனா அந்தக் குமார் ஒரு வார்த்தை பேசாம கிராவலை அள்ளிட்டுப் போனான் பாருங்க, அதுல என்னமோ இருக்கு."

ஒருத்தரை ஒருத்தர் கொஞ்சமும் நம்பாத நாற்பத்தொரு பேர், அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்காகவே ஒரே வேனில் ஏறினால் அதற்குப் பெயர்தான் நலச்சங்கம்.