களிமண் பஸ்ஸும் நூற்றுக்கு நூறும்

எங்கள் தாளாளர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருந்த நஞ்சையில் பாதியை மனை போட்டு விற்று, மீதியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியைக் கட்டினார். நிலம் கைவிட்டுப் போனாலும் பேச்சு போகவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், பத்தாவதில் தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் களையெடுப்பு. மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் பாஸாகிவிடுவார்கள். வாசலில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பேனர் தொங்கும். நோயாளிகளைக் கேட்டுக்கு வெளியே தள்ளிப் பூட்டிவிட்டு, 'எங்கள் ஆஸ்பத்திரியில் சாவே கிடையாது' என்று பெருமையடிக்கிற டாக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளியில் நான் டிராயிங் மாஸ்டர். ஆண்டு விழாவுக்குத் தெர்மோகோல் வெட்டுவேன். தாளாளர் வீட்டு விசேஷங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுவேன். லீவு போட்ட டீச்சர்களின் வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வேன். நேரம் மிஞ்சினால் படம் வரையச் சொல்லித் தருவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் முகப்பேரில் ஒரு பள்ளி கம்ப்யூட்டர் வாங்கிவிட்டது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் தாளாளருக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாஸ்டர், நாமளும் மாடர்னா ஏதாவது பண்ணணும். செலவு மட்டும் இருக்கக் கூடாது."

டி.வி.யில் எப்போதோ பார்த்த களிமண் பொம்மைப் படத்தைப் பற்றிச் சொன்னேன். பொம்மையைத் துளி நகர்த்திப் படம் பிடிக்க வேண்டும். மறுபடி துளி நகர்த்தி மறுபடி பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும். அவர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. களிமண் பருத்திப்பட்டு ஏரியில் சும்மா கிடைக்கிறது என்றேன், உடனே தலையாட்டினார். படிப்பு கெடக் கூடாது என்பதற்காக ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே கெடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அவர் எண்ணம்.

அந்த வகுப்பில் ஒரு பெண். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். இவளுக்குக் கணக்கு என்றாலே கை நடுங்கும். அதே கையில் களிமண்ணைக் கொடுத்தால் நடுக்கம் போய்விடும். ஒரு எருமையின் தலையை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். காலாண்டுப் பரீட்சையிலேயே கணக்கில் போய்விட்டதால் தானும் களைதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சார், படம் நல்லா வந்தா என்னப் பத்தாவதுல விடுவாங்களா?" என்று கேட்டாள்.

தாளாளரிடம் போய்க் கேட்டேன். "நல்லா வரட்டும் மாஸ்டர், பார்த்துக்கலாம்" என்றார். 'பார்த்துக்கலாம்' என்றால் என்னவென்று கடன் கேட்டுப் போன யாருக்கும் தெரியும். அவள் கடன் கேட்டுப் பழகாதவள், நம்பிவிட்டாள்.

கேமராவுக்கு, அம்பத்தூரை அடுத்த பாடியிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரர் வந்தார். பையனுக்கு எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. சீட் வேண்டும், அதற்காக இனாமாக வந்தார். மேஜையைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"இன்னா சார் இது, ஒண்ணுமே அசையாம கீது? அசையாததப் புடிக்கறதுக்கு போட்டோக்காரன் கீறான். நான் வீடியோ சார்."

பட்டனை அழுத்தி உடனே நிறுத்து என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு ஆயுசு பாதி போனது. பல வருஷம் மணப்பெண்களைப் பிடித்த கை, சும்மா நிற்குமா? காலில் தொடங்கி மெல்ல மேலே ஏறி முகத்தில் போய் நிறுத்தினால்தான் அவருக்குத் திருப்தி. எங்கள் படத்தில் எருமை அப்படித்தான் அறிமுகம் ஆகிறது. குளம்பிலிருந்து கொம்பு வரை, நாணத்தோடு.

கதை பிள்ளைகளுடையது. ஒரு எருமை நடுரோட்டில் படுத்துக்கொள்கிறது. டவுன் பஸ், லாரி, கொடி கட்டிய கார் எல்லாம் பின்னால் நிற்கின்றன. எருமை எழுந்து ஏரிக்குப் போனால்தான் ஊருக்கு விமோசனம். தாளாளர் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல நீதி எங்க மாஸ்டர்?"

"எருமைக்கு அவசரம் இல்ல சார்" என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். அவனையும் களைப் பட்டியலில் சேர்த்துவிட்டார் என்று அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

பாதிப் படம் முடிந்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது. தாளாளரின் மனைவி பக்தியில் குறை வைக்காதவர். பள்ளி மணி, டஸ்டர், குடிநீர்ப் பானை, சைக்கிள், காம்பஸ் பெட்டி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். எங்கள் பொம்மைகளை மூடியிருந்த ஈரச் சாக்கைத் தீட்டு என்று எடுத்து வெளியே எறிந்தார். எருமை, பஸ், லாரி, கொடி கட்டிய கார் எல்லாவற்றுக்கும் நெற்றி பார்த்து அழகாகப் பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாது. கதவைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டார். நல்ல எண்ணத்தோடு இவ்வளவு நாசம் பண்ண இந்த ஊரில்தான் முடியும்.

திறந்தபோது மண் காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் தெளித்து, இழைத்துச் சரிசெய்தோம். குங்குமம் மட்டும் போகவில்லை. துடைக்கத் துடைக்க உள்ளே இறங்கி, எருமைக்குத் தலையே சிவந்துபோனது. படத்தின் முன் பாதியில் வெறும் நெற்றி, பின் பாதியில் பொட்டு. எனக்கு வந்த கோபத்தில் அத்தனையையும் ஏரியிலேயே போட்டுவிடலாம் என்றிருந்தது. அந்தப் பெண்தான் சொன்னாள்.

"கதையிலயும் ஆயுத பூஜை வந்துட்டதா வெச்சிக்கலாம் சார். ரோட்டுல நிக்கறவங்களுக்கு வேற வேலை இல்ல, எல்லாருமா சேந்து வண்டிக்குப் பூஜை போடறாங்க. எருமைக்கும் போடறாங்க."

பஸ் முன்னால் வாழைக்கன்று கட்டினாள். சக்கரத்துக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு களிமண் எலுமிச்சம்பழம் வைத்தாள். பஸ் ஏற ஏற, அது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, விதை பிதுங்கி வெளியே வரும். ஒரே ஒரு பழம் நசுங்க நாள் முழுக்க ஆனது. வீடியோக்காரர் அன்று ஜூமைத் தொடவே இல்லை. "பாப்பா, நீ சொல்லு, நான் அமுக்கறேன்" என்று அடங்கி உட்கார்ந்திருந்தார்.

ஆண்டு விழாவில் படம் ஓடியது. முதலில் ரோஜாப்பூக்கள் விழுந்தன. பிறகு இதய வடிவத்துக்குள் தாளாளர் மாப்பிள்ளை போலச் சுழன்று வந்தார். அது வீடியோக்காரர் எல்.கே.ஜி. சீட்டுக்குச் செய்த நன்றி. பிள்ளைகள் பெயர் வரவே இல்லை. கேட்டதற்கு, "கேசட்டுல எடம் இல்ல சார்" என்றார். ஆனால் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது மைதானமே விசிலடித்தது. கூட்டத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று தேடினேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேடையில் தாளாளர், இது தன் நெடுநாள் கனவு என்று பேசிக்கொண்டிருந்தார்.

முழு ஆண்டுத் தேர்வில் அவள் கணக்கில் முப்பதைத் தாண்டவில்லை. தாளாளர் அறைக்குப் போனேன்.

"சார், பார்த்துக்கலாம்னு சொன்னீங்களே."

"பார்த்தேனே மாஸ்டர். பிரமாதமான படம். ஆனா படம் வேற, பாஸ் வேற. ஒரு களைய விட்டா வயலே போயிடும்."

"களை இல்ல சார், அந்தப் பொண்ணு..."

"நீங்க போய் ஹால்ல வீடியோ டெக்கைச் செட் பண்ணுங்க. அட்மிஷனுக்கு ஆள் வர ஆரம்பிச்சிட்டாங்க."

அந்த வருஷம் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பம் வாங்க வந்த பெற்றோர்களை ஹாலில் உட்காரவைத்து அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டினார்கள். போட்டுக் காட்டுகிற வேலையும் என்னுடையதுதான். கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா ஆபீசிலிருந்து டி.சி.யோடு வெளியே வந்தார். ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். டி.வி.யைப் பார்த்ததும் நின்றவர், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்தவரிடம் அவர் சொன்னார்:

"இது எம் பொண்ணு பண்ணுனது."

"அப்படியா! உங்க பொண்ணு இங்கதான் படிக்குதா? ஸ்கூல் எப்படி சார், நம்பிச் சேர்க்கலாமா?"

அவர் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். அவருக்கு எந்த ஊருக்கும் மாற்றல் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"தாராளமாச் சேருங்க. நல்ல பள்ளிக்கூடம். எனக்கு மாத்தல் ஆயிட்டு, அதான் பிள்ளைய வேற எடத்துல சேக்கோம்" என்றார்.

அந்த ஆள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.