சாக்கு தைக்கும் நூல்

காக்கநாட்டில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். எட்டு வயதுப் பேத்தி எங்கேயோ பொறுக்கிய சணல் நூலை விரலில் முறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்த வாடை என் மூக்கில் ஏறியது.

கொச்சி மட்டாஞ்சேரியில் என் அத்தாவுக்கு மிளகுக் கிடங்கு இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில், எனக்கும் இதே வயது. சாக்கு தைக்கும் நூலால் என் சடையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத்தான் அத்தா வாய்ப்பாடு படிக்க வைப்பார். தலையைத் திருப்பினால் முடி வேரோடு இழுக்கும்.

"மடி பிடிச்ச குட்டி," என்பார். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த என்னைத்தான் சோம்பேறி என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். புகுந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தபோதெல்லாம் போதமில்லாதவள் என்றார்கள்.

"கவனம் ஒரு இடத்துல நிக்காதது குழந்தையோட குத்தமில்ல, மூளையில பிறவியிலயே உள்ளது," என்றார் டாக்டர். "குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"

"இல்ல," என்றாள் என் மகள்.

"எனக்கு உண்டு," என்றேன்.

மகள் டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாவுக்கு அதெல்லாம் இல்ல டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே சோம்பல். அவங்க அத்தாவே சொல்லியிருக்காங்க."