மோதிர விரலை அளக்கப் போன இரண்டு மாதம்

ஊரார் விரலை அளப்பதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். படிவக் கட்டோடு அலைந்து தேய்ந்தவர்களே, என் அவஸ்தை உங்களுக்குத்தான் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர்ப் பேராசிரியை ஒருவர் என்னை ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பினார். தாயின் வயிற்றில் ஆண் ஹார்மோன் அதிகம் பட்ட குழந்தைக்கு, ஆள்காட்டி விரலோடு ஒப்பிட்டால் மோதிர விரல் நீண்டிருக்கும் என்பது அவர் ஆராய்ச்சி. எல்லோருடைய வலது கையையும் அளக்க வேண்டும். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நகல் தனக்கு வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மேனேஜர் அனுமதித்தார்.

வயிற்றிலேயே சோதனை

முதலில் வந்தவர் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு ரத்னம்மா. ஹார்மோன் கதையை அவருக்குத் தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அம்மா வயித்துலயே இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிடுச்சா சார்? பின்ன எதுக்கு தெனம் கேட்டுல எங்க பையைத் தொறந்து பாக்கறாங்க?"

வெர்னியர் பாடம்

விரலின் அடிக்கோட்டிலிருந்து நுனி வரை வெர்னியர் என்ற அளவுகருவியை வைத்து அளக்க வேண்டும். எனக்கு அது புதுசு. ரத்னம்மாவுக்கோ தினமும் எட்டு மணி நேரம் அதே வேலை. நான் பிடித்த பிடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ்ளோ அழுத்துனா இரும்பு பீஸே ரிஜெக்ட் ஆயிடும் சார், இது விரலுங்க!"

பாக்கெட்டில் இருந்த கை

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பிலிருந்து முனிராஜ் வந்தார். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர், கான்ட்ராக்ட் ஆள். வலது கையை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். வலதுதான் வேண்டும் என்றேன். தயங்கி எடுத்தார். மோதிர விரல் பாதிதான் இருந்தது. பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டதாம். விஷயம் வெளியே போகாமல் கான்ட்ராக்டரே கட்டுப் போட்டு முடித்திருக்கிறார்.

படிவத்தில் 'விரலில் காயம் உண்டா, எப்படி?' என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதினால் அதன் நகல் மேனேஜருக்கும் போகும். என் பேனாவை அவர் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற நாலு பேரின் வலது கையும் பாக்கெட்டில்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த ஐந்து பேரின் படிவங்களையும் கிழித்துப் போட்டேன். அப்போதுதான் முனிராஜ் சொன்னார்:

"எழுதிட்டீங்கன்னா நாளைக்கி கேட்டுக்குள்ள வுட மாட்டாங்க சார், அதான் மறைச்சேன்."

பேராசிரியையின் பாராட்டு

படிவக் கட்டைப் பேராசிரியை பொறுமையாகப் புரட்டினார். காயம் என்ற கட்டத்தில் கடைசி வரை 'இல்லை' என்றுதான் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஒருத்தருக்குக்கூட விரல்ல அடி இல்லையே, ரொம்பப் பத்திரமான கம்பெனி போலிருக்கு!"

பிறப்பதற்கு முன் விரலுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு மாதம் அளந்த நான், பிறந்த பிறகு ஆனதை ஒரே நிமிடத்தில் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.