சரோஜா அக்கா வீட்டுக்கு அதிகாரி வந்தார்

உங்கள் வீட்டில் கஷ்டம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் அரசாங்க அதிகாரி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?

இருக்கிற கஷ்டத்தை இருக்கிறபடி காட்டுவோம் என்கிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்கு நம் ஆட்களைத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போயிருந்தேன். சரோஜா அக்காவின் வீடு. எங்கள் தாமான் குடியிருப்பில் பல வருடம் வீடு வீடாகப் போய்ப் பெருக்கி, துடைத்து, துணி மடித்தவர். எங்கள் வீட்டிலும்தான். இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டது. சர்க்கரை வேறு. லோரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் இறந்து ரொம்ப நாளாகிறது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால் அக்காவுக்குச் சாப்பாடு. வராவிட்டால் பிஸ்கட்டும் கோப்பியும். வாடகை வராததால் வீட்டுச் சொந்தக்காரரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, காலி செய்துவிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறானே! ஒரே மகன், குமரன். பங்சாரில் நல்ல ஆபீசில் நல்ல வேலை. காஜாங்கில் சொந்த வீடு, மனைவி, பிள்ளைகள், ஓட்டிப்போகக் காடி – எல்லாம் உண்டு. அம்மா வீட்டுப் படியேறித்தான் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. போன் அடித்தால் எடுப்பதில்லை. பணமா? அந்தப் பேச்சே வேண்டாம்.

பிள்ளைகளின் ஆதரவு இல்லாத வயதானவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறதல்லவா? வெல்பேர் காசு என்போமே, அதுதான். அதற்கு அக்காவுக்காக மனு போட்டுக் கொடுத்தது நான். அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறாராம், நீயும் வந்து கூட இரு என்று அக்கா கூப்பிட்டார். போனேன்.

கதவைத் திறந்ததும் தூக்கிவாரிப்போட்டது.

ஜன்னலில் புதுத் திரை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய குஷன் நாற்காலிகள். தரையெல்லாம் பினாயில் வாசம். அக்கா பட்டுப்புடவையில் நிற்கிறார். கழுத்தில் மின்னுகிற சங்கிலியும் அவருடையதில்லை, குழம்பு கொடுக்கிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரியுடையது. மேசையில் ஒரு தட்டு நிறைய முறுக்கு, சுடச்சுட. வீட்டிலிருந்த கடைசி எண்ணெயும் அதற்கே போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. வருவது மலாய்க்கார முஸ்லிம் பெண், நம் கிண்ணத்தில் குடிக்க யோசிக்குமே என்று பேப்பர் கப்கூட வாங்கி வைத்திருந்தார்.

சுவரின் நடுவில் குமரன். கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பட்டம் வாங்கிய படம். தூசி தட்டி, துடைத்து, பளபளவென்று.

எனக்கு வந்ததே கோபம்! அக்கா, உங்களுக்கு உதவி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

"வீட்டுக்கு ஒருத்தங்க வர்றாங்க. வெறும் வீட்டுல உக்கார வைக்க முடியுமா தங்கச்சி? நம்மள என்னான்னு நினைப்பாங்க?"

வீட்டில் ஒன்றுமில்லை என்றுதானே அக்கா, வருகிறவர்கள் நினைக்க வேண்டும்! சொல்வதற்குள் வாசலில் சலாம் கேட்டது.

சின்ன வயசுப் பெண். ஆன்டி, ஆன்டி என்று அவ்வளவு மரியாதை. நாற்காலியைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். முறுக்கை எடுத்துக் கடித்து, நன்றாக இருக்கிறது என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அக்காவுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. கணவர் இறந்ததைச் சொன்னார், முட்டிவலியைச் சொன்னார், சர்க்கரையைச் சொன்னார். நானும் சற்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

கடைசியாக அந்தக் கேள்வி. மகன் ஏதாவது கொடுக்கிறாரா?

அக்கா சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். கொடுக்கிறான், மாசாமாசம் கொடுக்கிறான் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடியில் அப்படியொரு பலம்... வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். மகனிடமும் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம் என்று சொல்லிவிட்டு, நம்பரை வாங்கி அங்கேயே அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். புது நம்பர் என்பதால் எடுத்தான்.

அக்கா வலிக்கிற முட்டியோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். போனுக்கு அவ்வளவு பக்கத்தில் முகம். எத்தனை நாள் கழித்துக் கேட்கிறார் அந்தக் குரலை!

அதிகாரி தாம் யார் என்பதையும் எதற்காகக் கூப்பிடுகிறார் என்பதையும் சொன்னார். பிறகு பேசினான். ஆமாம், அம்மாவுக்கு மாதாமாதம் தவறாமல் கொடுக்கிறேன், அடிக்கடி போய்ப் பார்க்கிறேன், உதவியெல்லாம் தேவைப்படாது, இப்போது மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான். வைத்துவிட்டான்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, படுபாவி.

"குரல் கட்டியிருக்கு. சளி புடிச்சிருக்கும் போல," என்றார் அக்கா.

லிப்ட் வரை அதிகாரியோடு போனேன். அவன் ஒரு சென் காசுகூடக் கொடுப்பதில்லை என்று அங்கே கொட்டித் தீர்த்துவிட்டேன். தனக்கும் புரிகிறது என்றார். ஆனால் அம்மாவும் மகனும் ஒரே பதிலைச் சொல்லும்போது வேறு என்ன எழுதுவது என்று கேட்டார். ஆன்டி மனசு மாறினால் மறுபடி வருகிறேன் என்றும் சொன்னார். அவர்மேல் என்ன குற்றம் சொல்வது? அவர் கையில் அக்கா கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கையில் காசில்லை என்று சொல்லவே நமக்கு உடம்பு கூசும். எப்படியோ தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடுவோம். என் பிள்ளை என்னைப் பார்ப்பதில்லை என்று சொல்ல மட்டும் நாக்கு எழாது. அதைச் சொன்னால்தான் சோறு என்றால்... சோறு வேண்டாம் என்பதுதான் நம் பதில். எந்த அரசாங்கம் இதற்குத் திட்டம் போட முடியும்? இப்படி வாயைக் கட்டிக்கொண்டு எத்தனை கதவுகளுக்குப் பின்னால் எத்தனை அம்மாக்களோ.

திரும்பி வந்து அக்காவைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். நாளைக்கு வீட்டைவிட்டு இறக்கினால் எங்கே போவீர்கள், குமரன் வீட்டு வாசலில் போய் நிற்பீர்களா என்று கேட்டேன். எதுவும் காதில் ஏறவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

"பாத்தியா தங்கச்சி, நானும் அவனும் பேசி வச்சுக்கவே இல்ல. வெளி ஆளுங்ககிட்ட அம்மாவ விட்டுக் குடுக்கல பாரு, எம்புள்ள."

குமரன் காப்பாற்றிக்கொண்டது தன் மானத்தைத்தான். அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. எங்கேயாவது அவரைப் பார்த்தால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.